யோசெப்பின் பதிந்த ஒன்பது பேர்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் மஷூரின் லொட்ஜ் இருந்தது. மூன்று மாடி, ஒன்பது அறை. பின்பக்கம் ரயில் போகும்போதெல்லாம் கட்டில்கள் நடுங்கும். அதன் வாசல் மேசையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பொலிசுக்கு எழுதிக் கொடுத்தவர் யோசெப்பின்.

யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு தமிழர் தங்க வேண்டுமானால் முதலில் ஒரு படிவத்தில் தங்க வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, வந்த திகதி, வந்த காரணம், அறை இலக்கம். இரண்டு பிரதி, நடுவில் கரித்தாள். ஒன்று பொலிஸ் நிலையத்தில் நிற்கும். மற்றது முத்திரை வாங்கிக்கொண்டு லொட்ஜுக்குத் திரும்பும். சொந்த நாட்டின் தலைநகருக்குப் பல் பிடுங்க வந்த மனிதர் அதற்குக் காரணம் எழுதிக் கையொப்பமிட்டார். இதை அவமானம் என்று சொல்லக்கூட அவர்களுக்கு அவகாசம் இல்லை. பேனை இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

யோசெப்பின் கொட்டாஞ்சேனைக்காரி. தகப்பன் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் ஆங்கிலமும் தட்டச்சும் படித்து, ஒரு கப்பல் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அந்தக் கட்டடம் எரிந்தது. புதுக் கட்டடம் திறந்தபோது இவருடைய மேசை மட்டும் திரும்பி வரவில்லை. சில வருடங்கள் வீட்டிலிருந்து தட்டச்சு வேலை செய்தார். பிறகு மஷூரின் மேசைக்கு வந்தார். ஏன் கலியாணம் செய்யவில்லை என்று கேட்டவர்களுக்கு, "அந்தக் கட்டம் என்ட ஃபோர்ம்ல இல்ல" என்பார். தினமும் இரண்டு பஸ், இரண்டு சோதனைச் சாவடி. காலை பத்து மணிக்குப் படிவங்களைத் தூக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு நடை. மழை வந்தாலும் குண்டு வெடித்தாலும் அந்தப் பத்து மணி மாறியதில்லை.

மத்தியானத்தில் லொட்ஜ் தூங்கும். அந்த நேரத்தில் யோசெப்பின் வாசிப்பார். கொள்ளுப்பிட்டியில் ஒரு நூலகம் கழித்துவிட்ட புத்தகங்களை நடைபாதையில் குவித்து விற்றபோது, அட்டை பிய்ந்த ஒரு கவிதைப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. எழுதியவர் எட்னா ராத்பன் என்ற அமெரிக்கப் பெண்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருடங்களில், நூற்பாலை நகரம் ஒன்றின் வாடகை விடுதியில் பதிவேடு எழுதும் வேலை ராத்பனுக்கு. பிறகு கவிஞரானார். அவருடைய பெரிய படைப்பு ஒரு விடுதியின் பதிவேடாகவே எழுதப்பட்டது. ஒன்பது அறை, ஒன்பது பேர், ஒவ்வொருவருக்கும் பெயர், ஊர், வந்த காரணம். யுத்தத்துக்கோ ஆலைக்கோ வீதிக்கோ போய்த் திரும்பாதவர்கள் அவர்கள். தாங்கள் திரும்பவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. மாலையில் வருகிறோம், படுக்கையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்று பதிவேட்டுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ராத்பன் இறந்தபின் அமெரிக்கா அவரைக் கொண்டாடியது. பாடப்புத்தகத்தில் வைத்தார்கள், அவர் பெயரில் பரிசு நிறுவினார்கள், அந்த விடுதியை நூதனசாலை ஆக்கி மக்களுக்குக் காட்டினார்கள்.

புத்தகத்தின் முன்னுரையில் ஒரு தகவல் இருந்தது. கவிதை வெளிவந்த காலத்தில், அந்தப் பெயர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுடையவை என்று சொல்லிக்கொண்டு சில குடும்பங்கள் ராத்பனைத் தேடி வந்தன. எல்லாம் கற்பனை என்று அவர் கடைசிவரை சொன்னார். இறந்து நாலு வருடத்தின் பின் விடுதியின் கூரைக்குள்ளிருந்து பழைய பதிவேடு கிடைத்தது. ஒன்பது பெயரில் ஏழு அதில் இருந்தன. ஆவிகள் சொல்லச் சொல்ல எழுதினார் என்று எழுதிய பேராசிரியர்களும் உண்டு. படித்தவர்களின் மூடத்தனத்துக்கு அடிக்குறிப்புகள் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் அப்போது நடத்திக்கொண்டிருந்த சிற்றிதழுக்கு இந்தக் கவிதைகளைத் தமிழில் தர யோசெப்பின் முன்வந்தார். விடுதிப் பதிவேடு என்ற வடிவத்தை நம் வாசகருக்கு விளக்கி ஒரு குறிப்புப் போடலாமா என்று கேட்டேன்.

"குறிப்பு எதுக்கு? பொலிஸ் ஃபோர்ம்ல எழுதுவம். தமிழ் வாசிக்கிற ஆருக்கு அந்த ஃபோர்ம் பாடமில்ல?"

நான் கண்ட மொழிபெயர்ப்பு முடிவுகளில் அதைப்போல் சரியான இன்னொன்று இல்லை. அமெரிக்கப் பெயர்களையும் மாற்றினார். யாழ்ப்பாணம், மன்னார், ஊவா என்று ஊர் போட்டு, வாய்க்கு வந்த ஒன்பது தமிழ்ப் பெயர்களை எழுதினார். அடையாள அட்டை இலக்கத்துக்கு ஒன்பதிலும் 'தொலைந்தது' என்று போட்டார்.

ஏழாம் அறைக்காரனின் பெயர் அழகுமுத்து. ஊவாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று, மேற்பிரிவு, தொழிலாளர் வரிசைவீடான பதினோராம் லயம். வந்த காரணம்: வேலை, தங்கச்சிக்கு மூக்குக்கண்ணாடி வாங்கவும். ராத்பனின் ஏழாம் அறைக்காரன் நூற்பாலைக்கு வேலை தேடி மட்டுந்தான் வந்தான். தங்கச்சி இல்லை, கண்ணாடி இல்லை. நான் நீலப் பென்சிலால் அந்த வரியைச் சுற்றி வளைத்து, 'மூலத்தில் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

"ஓம், மூலத்தில இல்லைதான்" என்றார் யோசெப்பின். "கை தன்ர பாட்டுக்கு எழுதிப்போட்டுது. வெட்டி விடுறன்." ஆனால் வெட்டவில்லை. வெட்டப் பேனையை எடுத்தால் என்னவோ மாதிரி இருக்கிறது என்று பின்னர் ஒருநாள் சொன்னார்.

அச்சுக்குப் போகுமுன் வடிவம் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, உண்மையான வெற்றுப் படிவங்களிலேயே கரித்தாள் வைத்து ஒன்பதையும் எழுதிப் பார்த்தார். பெயரும் முகவரியும் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில், காரணம் தமிழில். ஊசி குத்தி மேசையில் வைத்தார். மறுநாள், 2008 மாசி 6, விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து அவர் வந்து சேரப் பதினொன்றாகிவிட்டது. மிஸ் பிந்தினால் பொலிஸ் கோபிக்குமே என்று மஷூர் மேசையில் இருந்த கட்டுகளை அள்ளிக்கொண்டு தானே போய்க் கொடுத்து வந்திருந்தார்.

அன்று போனவை இருபத்து மூன்று படிவங்கள். அவற்றில் ஒன்பது கவிதை. தமிழரைத் தமிழில் பதிவதற்கென்று படிவம் அடித்த அரசாங்கம், அதை வாசிக்க ஒரு தமிழ் தெரிந்தவரை அந்த நிலையத்தில் வைத்திருக்கவில்லை. இருபத்து மூன்றிலும் முத்திரை குத்திப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

யோசெப்பின் எனக்குத் தொலைபேசி எடுத்துச் சிரித்தார். "உங்கட இதழ முந்திக்கொண்டு பொலிஸ் பிரசுரிச்சிட்டுது. சீலும் குத்தி!"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

பங்குனியில் ஒரு மாலை, ஆறரை மணியளவில், சார்ஜன்ட் ஒருவர் இரண்டு சிப்பாய்களோடு லொட்ஜுக்கு வந்தார். மின்சாரம் நின்றிருந்தது. தங்கியிருந்தவர்கள் எல்லாரும் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் எல்லாரும் அன்று யாழ்ப்பாணத்தார். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள். கடலிலிருந்து உப்புக் காற்று படிக்கட்டு வழியாக ஏறிக்கொண்டிருந்தது.

சார்ஜன்ட் டோர்ச் வெளிச்சத்தில் ஒரு பட்டியலை விரித்து, அடையாள அட்டை இல்லாத ஒன்பது பேரின் பெயரை உரக்க வாசித்தார். முதல் பெயர். யாரும் அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது. வாசல் மேசைக்குப் பின்னால் யோசெப்பின் நின்றார். தான் கற்பித்த பெயர்களை ஒரு பொலிஸ் குரல் இருட்டில் கூப்பிடுவதை அவர் அன்றுதான் கேட்டார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் கடல் சத்தம்.

"அழகுமுத்து."

மூன்றாம் மாடியிலிருந்து பதில் வந்தது.

"இருக்கேங்க."

ஆண் குரல். இளைய குரல். பயமில்லாத, மரியாதையான குரல். சிப்பாய்கள் இருவரும் படியில் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு மேலே ஓடினார்கள். மூன்றாம் மாடியில் ஒருவரும் இல்லை. ஏழாம் அறையின் கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது. கூரை ஒழுகுகிறது என்று மஷூர் அந்த அறையை ஒன்றரை வருடமாக யாருக்கும் கொடுப்பதில்லை. பூட்டை உடைத்துப் பார்த்தார்கள். ஒரு கட்டில், சுருட்டிய மெத்தை, தூசி. தூசியில் கால் தடம் ஒன்றும் இல்லை. கூரையில் ஒழுகிய கறையும் இல்லை. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

விடிந்ததும் பாதிப்பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு லொட்ஜுக்குப் போய்விட்டார்கள். பேய் என்றார்கள். கேட்ட மாத்திரத்தில் எனக்குக் கோபம் வந்தது. பெயர் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் அடி விழும் என்று பழகிய கூட்டத்தில், யாரோ ஒருவர் பதறி இன்னொருவர் பெயருக்குக் குரல் கொடுத்திருக்கிறார் என்று விளக்கினேன்.

"சரி" என்றார் யோசெப்பின். "ஆனா யாழ்ப்பாணத்து ஆள் எண்டா 'ஓம்' எண்டல்லோ சொல்லும்? இது 'இருக்கேங்க' எண்டு சொன்னது. தோட்டத்து ஆக்கள் கதைக்கிற மாதிரி. அண்டைக்கு எங்கட லொட்ஜில தோட்டத்து ஆக்கள் ஒருத்தரும் இல்ல."

நான் வேறு பேச்சை எடுத்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு யோசெப்பின் பொலிஸ் நிலையத்தில் இருந்தார். சிங்களத்தில்தான் பேச்சு.

"நோனா, இந்த ஒன்பது பேர் எங்கே?" என்று கேட்டார் அதே சார்ஜன்ட்; அம்மணி என்று மரியாதையாகத்தான்.

"அப்படி ஆட்கள் இல்லை, சேர். அது கவிதை."

"கவிதையா?" சார்ஜன்ட் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கொடியவர் அல்ல. நித்திரை இல்லாத கண்கள். "கவிதையென்றால் நிலா எங்கே, பூ எங்கே? இது எங்கள் ஃபோர்ம்."

"ஓம் சேர். அதுதான் கவிதை."

சார்ஜன்ட் சிரித்துவிட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "கேளுங்கள் நோனா. எழுதியது நீங்கள், முத்திரை குத்தியது எங்கள் ஆள். இல்லாதவர்களைப் பதிந்ததென்று நான் மேலே எழுதினால் அவன் வேலை போகும், நீங்கள் உள்ளே போவீர்கள். ஒன்பது பேரும் அறையை விட்டுப் போய்விட்டார்கள் என்று ஒரு கடிதம் தாருங்கள். இல்லாத ஆட்கள் போனால் யாருக்கு நட்டம்?"

யோசெப்பின் எழுதினார்: 'மேற்படி ஒன்பது பேரும் தத்தமது விருப்பத்தின் பேரில் அறைகளைக் காலிசெய்து சென்றுவிட்டனர்.' கையொப்பம், திகதி. வெளியே வந்து ஒரு சோடா குடித்தாராம். அதோடு முடிந்தது என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

ஆடி மாதம் ஒரு முற்பகல், லொட்ஜ் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். பதுளையிலிருந்து இரவு ரயிலில் வந்த களைப்பு. ஒரு கையில் துணிப்பை, மறுகையில் பொலித்தீனில் சுற்றிய ஒரு கடிதம். முகத்தில், அந்த மேசைக்கு முன்னால் யோசெப்பின் பதினெட்டு வருடத்தில் காணாத ஒன்று: சந்தோசம்.

"அம்மா, இதுதானுங்களே மஷூர் முதலாளியோட லொட்ஜு? நான் பழனியம்மா. அழகுமுத்தோட அம்மா."

யோசெப்பினின் கையிலிருந்த பேனை மேசையில் விழுந்து உருண்டது.

பழனியம்மாவின் மகன் 2006 ஐப்பசியில் கொழும்புக்கு வேலை தேடி வந்தவன். வெள்ளவத்தையில் தங்கியிருக்கிறேன், ரயில் போனால் கட்டில் ஆடுகிறது என்று ஒரு தடவை தொலைபேசியில் சொன்னான். பிறகு சத்தமில்லை. அந்தத் தாய் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு ஒன்றே முக்கால் வருடம் பொலிஸ், செஞ்சிலுவை, காணாமல் போனோருக்கான ஆணைக்குழு என்று ஏறி இறங்கினார். போன வாரம்தான் முதல் முறையாக ஆணைக்குழுவிலிருந்து ஒரு பதில் வந்தது. அதைத் தோட்டத்து வாத்தியார் வாசித்துச் சொன்னார். அழகுமுத்து என்பவர் 2008 மாசி 6ஆம் திகதி இந்த லொட்ஜில் பதிவுசெய்து தங்கியிருந்தார், பங்குனியில் தன் விருப்பத்தின் பேரில் வெளியேறினார், ஆகவே அவர் காணாமல் போனவர் அல்லர், விசாரணைக் கோவை மூடப்பட்டது.

"செத்துட்டான்னு எல்லாரும் சொன்னாங்கம்மா. இந்த மாசியில உசுரோட இங்கன இருந்திருக்கான் பாருங்க!" துணிப்பையைத் திறந்து ஒரு கம்பளிச் சட்டையைக் காட்டினார். "எங்க போறேன்னு ஒங்ககிட்ட சொல்லிட்டுப் போனானுங்களா?"

யோசெப்பின் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். தேநீர் எடுப்பித்தார். அந்தப் பெயர் பொய், நானே கட்டினது, வேறொரு அழகுமுத்துவாக இருக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தார். பழனியம்மா முந்திக்கொண்டார்.

"கோவிச்சுக்கிட்டு இருப்பானோ என்னமோ. தங்கச்சி ராமலெட்சுமிக்குக் கண்ணு தெரியாதுங்க. அவளோட ஒடஞ்ச கண்ணாடிய சட்டப் பையில போட்டுக்கிட்டுப் போனான், அதே அளவுல வாங்கியாறேன்னு. வாங்க முடியலியேன்னு வெக்கப்பட்டுக்கிட்டு வராம இருக்கானோ?"

யோசெப்பின் எழுந்தார். மேசை லாச்சியைத் திறந்து, என் நீலப் பென்சில் வட்டம் போட்ட தாளை எடுத்தார். வந்த காரணம். வேலை, தங்கச்சிக்கு மூக்குக்கண்ணாடி வாங்கவும். பின்பக்கம் ரயில் போய்க்கொண்டிருந்தது. அது கடந்து போனதும் கேட்டார்.

"எந்த லயம், அம்மா?"

"மேப்பிரிவு, பதினொன்னாம் லயம்."

அவர் தாளை வைத்துவிட்டு அலுமாரியிலிருந்து 2006ஆம் ஆண்டின் படிவக் கோவையை இறக்கினார். புரட்டாதி இருந்தது. கார்த்திகை இருந்தது. ஐப்பசி முழுவதும் அடியோடு கிழிக்கப்பட்டிருந்தது.

மஷூர் உள்ளே கணக்கறையில் இருந்தார். கோவையை அவர் முன்னால் விரித்து வைத்தபோது அவர் அதைப் பார்க்கவில்லை, வாசலில் உட்கார்ந்திருந்த பெண்ணைத்தான் பார்த்தார்.

"கேக்க வாணாம் மிஸ்."

"நான் கேக்கிறன் மஷூர். ஏழாம் அறையில ஆர் இருந்தது?"

மஷூர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரே மூச்சில் சொன்னார். "பதினொரு நாள் இங்க ஈந்தான். நல்ல பொடியன். ஒரு நாள் காலம பத்து மணி, நீங்க பொலிசிக்கிப் போயீந்தீங்க. வெள்ள வேன் ஒண்டு. நாலு பேர். ஏழாம் நம்பர் எங்கண்டு கேட்டாங்க. நான் மேல கைய காட்டினேன் மிஸ், இந்தக் கையால. கீழ நிண்டே பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அவன் 'இருக்கேங்க'ண்டு செல்லிக்கிட்டு, பட்டன் போட்டுக்கிட்டே எறங்கி வந்தான். கூப்பிட்டாங்கண்டு வந்தான் மிஸ்! போகக்குள்ள எனக்கு சென்னாங்க, இப்பிடி ஒரு ஆள் இங்க வரவே இல்லண்டு. அண்டைக்கே பேப்பரக் கிழிச்சேன். அறைய பூட்டினேன். எனக்கு மூணு பொம்புளப் புள்ள."

"அண்டைக்கு, கரண்ட் இல்லாத அண்டைக்கு..."

"கேட்டிச்சி. எனக்கும் கேட்டிச்சி."

மஷூர் எழுந்து போய், அரிசி டின்னுக்கு அடியிலிருந்து ஒரு காகித உறையைக் கொண்டுவந்தார். "எரிக்க மனசு வரல்ல" என்றார். உள்ளே ஐப்பசிப் பக்கங்கள். அவற்றில் யோசெப்பினின் சொந்தக் கையெழுத்து: அழகுமுத்து, அடையாள அட்டை இலக்கம், மேற்பிரிவு, பதினோராம் லயம், அறை ஏழு, வேலை, தங்கச்சிக்கு மூக்குக்கண்ணாடி வாங்கவும். அடையாள அட்டை இலக்கத்தைத் தவிர ஒரு சொல்கூட மாறவில்லை.

இதில் மாயம் இல்லை. ஆயிரக்கணக்கான பெயர்களை எழுதித் தள்ளிய கை அது. யோசெப்பின் மறந்ததைக் கை மறக்கவில்லை. கற்பனை என்று நினைத்து எழுதியபோது அது தனக்குத் தெரிந்ததை எழுதியது. அமெரிக்காவின் அந்தப் பதிவேட்டுக்காரிக்கு நடந்ததும் இதுதான். மூலத்தில் இல்லை என்று நான் வளைத்த அந்த ஒரு வரிதான் மூலம். மாலையில் கேட்ட குரலுக்கு மட்டும் என்னிடம் இன்றுவரை விளக்கம் இல்லை. விளக்கம் இல்லாததெல்லாம் ஆவி ஆகிவிடாது. காலை பத்து மணிக்கு, நடு வெள்ளவத்தையில், ஒரு மனிதனைப் பெயர் சொல்லி அழைத்துக் கொண்டுபோனவர்கள் அதைவிடப் பெரிய ஒன்றுக்கு விளக்கம் சொல்லாமல் திரிகிறார்கள். முதலில் அவர்களிடம் கேட்போம்.

யோசெப்பின் வாசலுக்குத் திரும்பி வந்து, பழனியம்மாவுக்கு எதிரே முழங்கால் தொட உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். மாசியில் அவன் இங்கே இல்லை, அதை எழுதியது தான்தான், போய்விட்டான் என்ற கடிதமும் தன்னுடையதே, அதை வைத்துத்தான் கோவையை மூடியிருக்கிறார்கள். பழனியம்மாவின் முகத்திலிருந்து அந்தச் சந்தோசம் போக வெகுநேரம் எடுத்தது. கம்பளிச் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எழுதுனது நீங்கதானுங்களே" என்றார் கடைசியில். "அப்ப இன்னொருக்கா எழுதுங்க. நெசத்த எழுதுங்க."

எழுதுவது என்றால் என்ன என்பது யோசெப்பினுக்குத் தெரியும். உண்மையை ஆணையிட்டு எழுதும் சத்தியக்கடதாசி முடிக்க அவர் போனது கொட்டாஞ்சேனையில் தன் பக்கத்துத் தெருவில் இருந்த சமாதான நீதவான் றேமண்டிடம். சின்ன வயதுப் பழக்கம்.

"ஜோசி, உனக்குப் பைத்தியமே?" என்றார் றேமண்ட். "பொய்யா ஃபோர்ம் நிரப்பினன், பொய்யாக் கடிதம் குடுத்தன் எண்டு நீயே சைன் வைக்கப் போறாய். வேன்காரன ஒருத்தரும் பிடிக்க மாட்டாங்கள். உன்னத்தான் பிடிப்பாங்கள்."

"தெரியும்."

"அந்த மஷூர் சைன் வைக்கிறானா?"

"மாட்டார். பக்கங்கள தந்திட்டார். அது போதும்."

"இதுல எது கவிதை, எது சாட்சி எண்டு கேட்டா என்னண்டு சொல்லுவாய்?"

"கேக்கட்டும் றேமண்ட். அப்பிடியாவது ஒருத்தர் வாசிக்கட்டும்."

சத்தியக்கடதாசி ஒன்றரைப் பக்கம். நடுவில் இரண்டு வசனம் இப்படி இருந்தது: 'அவர் வந்தது உண்மை. அவர் தாமாகச் சென்றார் என நான் எழுதியது பொய்.' எந்தக் கவிதையிலும் யோசெப்பின் அவ்வளவு குறைவான சொற்களில் எழுதியதில்லை. கிழிந்த பக்கங்களின் பிரதியை இணைத்து, பொலிசுக்கும் ஆணைக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினார். அடுத்த வாரம் அவரைக் கூட்டிப் போனார்கள். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். என்ன கேட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. வந்ததிலிருந்து வலது கையால் தேநீர்க் கோப்பையைத் தூக்கமாட்டார். ஆனாலும் காலை பத்து மணிக்கு அந்தப் படிவங்களை இடது கையில் கொண்டுபோனார்.

புரட்டாதியில் ஆணைக்குழுவிலிருந்து லொட்ஜுக்கு ஒரு கடிதம் வந்தது. மூடிய கோவை மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. விசாரணைக்கு வரும்படி அழைப்பு. முகவரி: திரு. அழகுமுத்து, ஏழாம் அறை. தான் காணாமல் போனமை தொடர்பாக வாக்குமூலம் அளிப்பதற்கு, அடையாள அட்டையுடன், நேரில் சமுகமளிக்க வேண்டும். தவறினால் கோவை மீண்டும் மூடப்படும்.

நான் அந்தக் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். பேயைப் பற்றி வாசித்த எந்தக் கதையிலும் என் முதுகு அப்படிச் சில்லிட்டதில்லை. காணாமல் ஆக்கியவர்களே காணாமல் போனவனைப் பெயர் போட்டு அழைக்கிறார்கள். வராவிட்டால் குற்றம் அவனுடையது. இதைத் தட்டச்சுச் செய்த எழுதுவினைஞருக்கும், கையொப்பமிட்ட அதிகாரிக்கும் ஒரு கணம்கூடக் கை நிற்கவில்லை.

குறித்த நாளில் பழனியம்மா பதுளையிலிருந்து வந்து சேர்ந்தார். அவரும் யோசெப்பினும் விசாரணைக் கூடத்தின் வாங்கில் உட்கார்ந்து காலை எட்டரையிலிருந்து காத்திருந்தார்கள். நான் பின்னால் நின்றேன். சுவரோரம் இன்னும் நாற்பது ஐம்பது பேர், பெரும்பாலும் தாய்மார், மடியில் படங்களோடு. மேலே மின்விசிறி சுற்றியது. மேசைக்குப் பின்னாலிருந்த எழுதுவினைஞர் தலை நிமிராமல் பட்டியலை வாசித்தார். பெயர், ஒரு சின்ன இடைவெளி, 'வரவில்லை' என்று ஒரு கோடு. பெயர், இடைவெளி, கோடு. கூப்பிடப்பட்டவர்கள் எல்லாரும் காணாமல் போனவர்கள். தாய்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்கள். கோடுகள் கூடிக்கொண்டே போயின.

"அழகுமுத்து."

யோசெப்பின் கண்ணை மூடிக்கொண்டார். இடைவெளி. பேனை கோட்டுக்காகத் தாளில் இறங்கியது.

பழனியம்மா எழுந்து நின்றார்.

"இருக்கேங்க" என்றார்.

எழுதுவினைஞர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "நீ யார்? அழகுமுத்து ஆம்பிளைப் பெயர் அல்லவா?"

"நீங்க கூப்பிட்டீங்க. அவன் வர்றவரைக்கும் நான்தானுங்க."

மின்விசிறிச் சத்தத்தில் பேனை அந்தரத்தில் நின்றது. யோசெப்பின் இடது கையை நீட்டி, மேசையின் விளிம்பில் தட்டினார். "எழுதுங்க மிஸ்டர்" என்றார் சிங்களத்தில். "வந்திருக்கிறார் என்று எழுதுங்கள். பதினெட்டு வருடம் நான் எழுதினேன். இப்போது நீங்கள் எழுதுங்கள்."

எழுதுவினைஞர் அங்குமிங்கும் பார்த்தார். சொல்லித்தர மேலதிகாரி யாரும் பக்கத்தில் இல்லை. பெயருக்கு நேரே கோடு போடாமல் ஏதோ எழுதினார். பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், அடுத்த பெயரைக் கூப்பிட்டார். மன்னார்ப் பக்கத்துப் பெயர் ஒன்று.

இடைவெளி விழவில்லை. சுவரோரத்திலிருந்து வேறொரு தாய் எழுந்து நின்றார்.